கணினியை மெதுவாக்கியது எது? பொகவந்தலாவைக் கடையொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

"அப்டேட் போட்ட நாளிலிருந்து இந்தக் கணினி நகர மாட்டேன் என்கிறது, தம்பி. புரொசசருக்கு வந்த பாதுகாப்பு அப்டேட்தான் காரணம் என்று பையன் சொல்கிறான். அதை அணைத்தும் பார்த்துவிட்டான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது போல இருந்தது. இப்போது மறுபடியும் பழைய கதைதான். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்."

2024 ஒக்டோபரில் ஒரு மழை நாள் மாலை, இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக் கடைவீதியில் கொமியுனிகேஷன் (போட்டோ கொப்பி, இன்டர்நெட் கடை) நடத்தும் அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். மறுநாள் காலை ஹட்டனில் பஸ் ஏறினேன். டிக்கோயா தாண்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து நோர்வூட் போய்ச் சேரும்வரை அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே வந்தது: "அணைத்தும் பார்த்துவிட்டான்."

மெதுவாக ஓடுகிற கணினியை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சரிசெய்யலாம். ஆனால் அந்தக் கடை மேசைக்கு வருகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போதும் என்று கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து வருகிற தாய்மார். சேமலாப நிதிப் பணத்துக்காக அலைகிற ஓய்வுபெற்ற தொழிலாளிகள். மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப வந்து, திரையை எட்டி எட்டிப் பார்க்கிற தகப்பன்மார். பொலித்தீன் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். அடையாள அட்டை இலக்கத்தை வாயால் சொல்லுவார்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அப்படியே உரக்கச் சொல்லுவார்கள். கடைக்கார அக்காவை நம்பித்தான் சொல்லுகிறார்கள். அந்த நம்பிக்கை கணினிக்குள்ளும் காப்பாற்றப்பட வேண்டும் என்பதால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

கடையில் இருந்தவை

வாசல் பக்கத்து மேசையில் இருப்பது இன்டெல் கோர் ஐ3-3220. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்ணப்பம், ஸ்கான், இன்டர்நெட் எல்லாம் இதில்தான். முறைப்பாடும் இதைப் பற்றித்தான். உள்ளே சுவரோரம் இருப்பது அதைவிட மூத்தது: கோர் 2 டுவோ ஈ7500, விண்டோஸ் 7. கடையில் தட்டச்சு செய்யும் தங்கை கடிதங்களையும் வினாத்தாள்களையும் பாமினி எழுத்துருவில் இதில் அடிக்கிறார். மூன்றாவது, படம் அச்சிடுவதற்கென்று பிறகு வாங்கிய பத்தாம் தலைமுறை ஐ3-10100. 8 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யும் உள்ளது.

இவ்வளவு பழையதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றலாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர், அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. கணினியின் ஒவ்வொரு துண்டும் டொலரில் வருவது. மலையகத்துச் சிறு கடைகளில் அன்றைக்கு மேசையில் இருந்ததுதான் இன்றைக்கும் இருக்கிறது. அதே 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

பையன் என்று அக்கா சொன்னது அவருடைய தம்பி மகனை. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் கெட்டிக்காரன். அவன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். இரண்டு ஆண்டுகளாக விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தியே வைத்திருந்திருக்கிறார்கள். டேட்டா காசு மிச்சம் என்பது ஒரு காரணம். பிறகு ஒருநாள் திறந்துவிட்டதும், தேங்கிக் கிடந்த எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. கணினி தவழத் தொடங்கியது. இணையத்தில் தேடியபோது, மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புரொசசர் ஓட்டைகளுக்கு 2018இல் வந்த பாதுகாப்புகள் பழைய புரொசசரை மெதுவாக்கும் என்று ஒரு காணொளி சொன்னது. அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் அந்த 2018 ஜனவரியிலேயே இலவசமாக வெளியிட்ட, இந்தப் பாதுகாப்புகளின் நிலையைக் காட்டும் இன்ஸ்பெக்டர் என்ற சின்ன மென்பொருளை இறக்கி ஓட்டியிருக்கிறான். மெல்ட்டவுன் ஆபத்து இல்லை, ஸ்பெக்டர் ஆபத்து இல்லை, வேகம் மட்டும் "மெதுவானது" என்று பெரிய எழுத்தில் காட்டியிருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள். இரண்டையும் அழுத்திப் பாதுகாப்பை அணைத்துவிட்டு, கணினியை மறுபடி இயக்கியிருக்கிறான்.

அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் படித்ததில் பொய் இல்லை. 2018 ஜனவரி 9 அன்று, அப்போது மைக்ரோசொஃப்ட்டில் விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த டெரி மையர்சன் எழுதிய விளக்கமே அப்படித்தான் இருந்தது. 2016 காலத்து அல்லது அதற்குப் பிந்திய புரொசசரில் விண்டோஸ் 10 ஓடினால் இழப்பு ஒற்றை இலக்கச் சதவீதம், பெரும்பாலானோருக்குத் தெரியாது. 2015 காலத்துக் கணினிகளின் ஹாஸ்வெல் (நான்காம் தலைமுறை) அல்லது அதற்கு முந்திய புரொசசரில் விண்டோஸ் 10 என்றால் சிலருக்குத் தெரியும். அதே பழைய புரொசசரில் விண்டோஸ் 7 அல்லது 8 என்றால் பெரும்பாலானோருக்கே தெரியும். அக்காவின் முதல் கணினி இரண்டாவது வகை, தங்கையின் கணினி மூன்றாவது வகை.

அப்டேட் என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் அந்த ஆண்டு போதிய காரணம் கொடுத்தது. ஜனவரியில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சில பழைய ஏ.எம்.டி. கணினிகள் திறக்கவே மறுத்தன. ஜனவரி 22 அன்று, தான் அனுப்பிய மைக்ரோகோட் (புரொசசருக்குள்ளேயே போடும் திருத்தம்) கணினிகளைத் தானாக அணைத்துத் திறக்க வைக்கிறது, அதை நிறுவுவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே கேட்டுக்கொண்டது. 64 பிட் விண்டோஸ் 7க்கு வந்த முதல் மாதங்களின் திருத்தமோ மூடவந்த ஓட்டையைவிடப் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டது. உல்ஃப் ஃபிரிஸ்க் என்ற ஆய்வாளர் அதை வெளிச்சமாக்கிய பிறகு மார்ச் மாதம் மூடினார்கள். மக்கள் சும்மா பயப்படவில்லை.

இளஞ்சூட்டுக் குவளை

அளப்பதற்கு முன்னால் பையனை உட்காரவைத்து, அவன் அணைத்தது எதை என்று சொன்னேன். எதிரே தேநீர்க் கடை இருந்தது வசதியாகப் போயிற்று.

நோர்வூட் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தவுடனே கடைக்காரர் வழக்கமாக வருகிறவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றத் தொடங்கிவிடுகிறார். ஆள் வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. வராவிட்டால் ஊற்றியதைக் கொட்டிவிடுவார், கணக்கில் எழுத மாட்டார். ஆனால் குவளை இளஞ்சூடாக இருக்கும். வரிசையாகக் கவிழ்த்து வைத்த குவளைகளைத் தொட்டுப் பார்க்கிற ஒருவனுக்கு, யாருக்காக ஊற்றப்பட்டது என்று தெரிந்துவிடும். இன்றைய புரொசசர்கள் இப்படித்தான் வேகம் பெறுகின்றன: அடுத்து என்ன தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கின்றன. ஊகம் தவறினால் விடையை அழித்துவிடுகின்றன. அழித்த வேலையின் சூடு மட்டும் கேஷ் என்ற உள்நினைவகத்தில் தங்கிவிடுகிறது. ஒரு தகவல் விரைவாக வருகிறதா, தாமதமாக வருகிறதா என்று நேரம் அளந்தே அந்தச் சூட்டைப் படித்துவிடலாம் என்பதுதான் 2018 ஜனவரி 3 அன்று உலகம் அறிந்த செய்தி. கூகுளின் ஜான் ஹோர்ன், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், இன்னும் சிலர் தனித்தனியாகவே அதைக் கண்டடைந்திருந்தார்கள்.

மெல்ட்டவுனில் படிக்கப்படுவது சாதாரண நிரலுக்கு அனுமதியே இல்லாத இடம்: இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் நினைவகம். கணினி முழுவதன் அந்தரங்கமும் அதன் வழியாகத்தான் போகிறது. ஸ்பெக்டரோ வேறு நிரல்களைத் தவறாக ஊகிக்கவைத்து, அவற்றின் நினைவகத்தைப் படிக்கிறது.

மெல்ட்டவுன் திருத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அக்காவின் கணக்குப் புத்தகமே உதாரணமாகக் கிடைத்தது; கேர்னல்தான் அந்தப் புத்தகம். முன்பு அந்தப் புத்தகம் மேசையிலேயே மூடியபடி கிடக்கும். யாரும் திறக்கக் கூடாது என்பது விதி. மூடியிருக்கும்போதே படிக்கலாம் என்று தெரிந்த பிறகு, அதை உள்ளறையில் வைத்துப் பூட்டவேண்டியதாகிவிட்டது. இனி ஒவ்வொரு வரி எழுதவும் எழுந்து உள்ளே போய் வர வேண்டும். அதோடு போகும்போதெல்லாம் மேசையில் விரித்து வைத்ததை மடித்துவைத்து, வந்து மறுபடி விரிக்க வேண்டும். புதிய புரொசசர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிட்டு விரித்தபடியே விட்டுப் போகலாம். விண்டோஸில் அந்த வசதி கிடைக்க நான்காம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். வாசல் மேசைக் கணினி மூன்றாம் தலைமுறை என்பதால் ஒவ்வொரு முறையும் மடித்து விரித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் இந்தச் செலவு எல்லா வேலையிலும் ஒரே அளவாக விழாது. உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் கணக்குக் கூட்டுகிறவருக்கு உள்ளே போகும் வேலையே இல்லை. மூவாயிரம் துண்டு ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பதிகிறவர் மூவாயிரம் முறை நடக்க வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் அளக்க வேண்டிய வேலைகளைத் தெரிவுசெய்தேன்.

அளந்தோம்

பையன் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தான், நான் தாளில் குறித்தேன். நான்கு வேலைகள்: கணினியை இயக்கியதிலிருந்து ஒரு கடிதம் திறந்து எழுத்து விழும்வரை, பத்தாண்டுக் கடிதங்கள் கிடக்கும் கோப்புறையை, ஏறத்தாழ 2,900 சிறு கோப்புகள், அப்படியே பிரதி எடுப்பது, பெரிய கணக்குத் தாள் ஒன்றை முழுக்க மறுபடி கூட்டுவது, 24 பக்கங்களை ஸ்கான் செய்து ஒரே கோப்பாக்குவது. ஒவ்வொன்றும் பாதுகாப்பு அணைந்த நிலையில் மூன்று முறை, மறுபடி போட்டுவிட்டு மூன்று முறை. இன்டர்நெட் பக்கங்களை அளவில் சேர்க்கவில்லை. மழை பெய்தால் சிக்னலே மாறிவிடுகிற ஊரில் அந்த அளவு புரொசசரைப் பற்றி எதையும் சொல்லாது.

முதலில் பழைய ஹார்ட் டிஸ்கோடு. இயக்கிக் கடிதம் திறக்கப் பாதுகாப்பு இல்லாமல் 3 நிமிடம் 50 விநாடி, 4 நிமிடம் 20, 5 நிமிடம் 5. பாதுகாப்போடு 4 நிமிடம் 5, 4 நிமிடம் 30, 4 நிமிடம் 35. பையன் தாளைப் பார்த்து விழித்தான். ஒரே நிலையில் எடுத்த மூன்று அளவுகளுக்குள்ளேயே ஒரு நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. பாதுகாப்புக்கும் அணைத்ததற்கும் இடையில் நம்பிச் சொல்லும்படி எதுவும் இல்லை. கோப்புகளைப் பிரதி எடுக்க இரண்டு நிலையிலும் ஏழு நிமிடம் அளவில். கணக்குத் தாள் இரண்டிலும் 14 விநாடி. ஸ்கானும் இரண்டிலும் ஒரே நேரம்தான். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்கானரின் விளக்கு நகரும் வேகம்தான்.

பிறகு என் பையில் இருந்த எஸ்.எஸ்.டி.யில் டிஸ்கைப் பிரதி எடுத்துப் பொருத்தினேன். அதற்கே பிற்பகல் முழுக்கப் போயிற்று. பல இடங்களில் பிரதி நின்று நின்று போனது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி அளந்தோம். இயக்கிக் கடிதம் திறக்க 40 விநாடி, பாதுகாப்போடு 41. கணக்குத் தாள் அதே 14. ஸ்கான் அதே. கோப்புகளைப் பிரதி எடுப்பதில்தான் வேறுபாடு வந்தது: பாதுகாப்பு இல்லாமல் 37, 38, 38 விநாடிகள். பாதுகாப்போடு 43, 44, 43.

இந்த ஐந்தாறு விநாடிகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்குப் பதினைந்து அளவு. மையர்சன் 2018இல் எழுதியது பொய்யில்லை என்பதற்கு பொகவந்தலாவையில் கிடைத்த சாட்சி. ஒவ்வொரு சிறு கோப்பையும் திற, படி, எழுது, மூடு என்று கேர்னலுக்குள் போய்வரும் வேலை, போதாததற்கு வைரஸ் காப்பானும் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கிறது. ஆனால் இதே இழப்பு காலையில் பழைய டிஸ்கோடு அளந்தபோது எங்கே போயிருந்தது? அங்கேயும் இருந்தது. ஏழு நிமிடக் காத்திருப்புக்குள் ஆறு விநாடி மூழ்கிக் கிடந்தது. டிஸ்க் வேகமானபோதுதான் புரொசசரின் செலவு தலையைக் காட்டியது. ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க் பூட்டிய கணினியில் "பாதுகாப்பை அணைத்தேன், பறக்கிறது" என்று யாராவது சொன்னால், அவர் அணைத்ததோடு மறுபடி இயக்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல வாரங்களாக முழுதாக அணையாமல் கிடந்த விண்டோஸ், ஒருமுறை மறுபடி இயங்கினாலே சில நாள் தெம்பாக இருக்கும். பையன் கண்ட "கொஞ்ச நாள்" அதுதான்.

மெதுவாக்கியது எது

டிஸ்கின் உடல்நிலைக் குறிப்பைத் திறந்தபோது விடை அங்கேயே இருந்தது. படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ள துண்டுகள் பல. ஒவ்வொன்றிலும் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று, அதுவரை கணினி முழுவதையும் நிறுத்திவைக்கிறது. பெட்டியோடு காதை வைத்தால் டிக் டிக் என்று ஊசி தேடுவது கேட்டது. அக்காவையும் கேட்கச் சொன்னேன். "இது மின்வெட்டுக் காலத்திலிருந்தே கேட்கிறதே தம்பி" என்றார். அவருடைய யூ.பி.எஸ். பேட்டரி அந்த 2022இலேயே செத்துவிட்டது, மாற்றவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் வந்து, போய் வந்து, டிஸ்க் அடிவாங்கியிருக்கிறது. இரண்டு ஆண்டு அப்டேட் ஒரே வாரத்தில் எழுதப்பட்டபோது, அதுவரை தொடாமல் கிடந்த பழுதான இடங்களையெல்லாம் அது தொட்டுவிட்டது. அப்டேட்டுக்குப் பிறகு மெதுவானது என்று அக்கா சொன்னது முழுக்க உண்மை. அது எந்த வழியாக மெதுவாக்கியது என்பதில்தான் பையன் தவறினான்.

இன்னொன்றும் இருந்தது. அக்கா ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைக் குரோமில் திறந்துவைத்திருப்பார். ஒவ்வொரு வாடிக்கையாளரின் விண்ணப்பமும் ஒரு பக்கம். 2018இல் குரோமின் 67ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கும் முறை வந்தது. ஸ்பெக்டருக்கு எதிரான முக்கியமான அரண் அது. அதற்கான விலையாக 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம் போகும் என்று கூகுள் அப்போதே சொன்னது. 16 ஜிபி உள்ள கணினியில் இது தெரியாது. 4 ஜிபியில் ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்த பானையில் மேலும் ஒரு செம்பு. வழிந்தது டிஸ்கில்தான் போய் விழும், அந்த டிஸ்க்கோ பழுது. பாதுகாப்புக்காக நாம் கொடுக்கும் விலையில் அன்றாட மேசைக் கணினியை உண்மையில் அழுத்துவது இந்த நினைவகச் செலவுதான் என்று நான் நினைக்கிறேன். புரொசசரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இது கவனத்துக்கு வருவதில்லை. பையன் அழுத்திய பொத்தான்கள் இதை இம்மியும் குறைக்கவில்லை.

2018இல் எழுதப்பட்ட இழப்புக் கணக்குகளை அப்படியே இன்றைக்குச் சொல்வதும் சரியில்லை. 2019இல் ரெட்போலின் என்ற இலகுவான முறை விண்டோஸ் 10க்குள் வந்து, பழைய புரொசசர்களில் ஸ்பெக்டர் பாதுகாப்பின் சுமையைக் குறைத்தது. இன்னொரு பக்கம் புதிய ஓட்டைகளும் நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ, 2019 மே மாதம் ஸோம்பிலோட், 2022இல் ரெட்பிளீட், 2023 ஆகஸ்டில் டவுன்ஃபோல். கடைசியாகச் சொன்னதற்கான திருத்தம் சில வேலைகளில் 50 சதவீதம்வரை வேகத்தைக் குறைக்கலாம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது; அக்காவின் பத்தாம் தலைமுறைக் கணினியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது தொடுவது சிதறிக் கிடக்கும் எண்களை ஒரே வீச்சில் திரட்டும் ஒரு குறிப்பிட்ட கட்டளையை. அடையாள அட்டைப் படம் அச்சிடுகிற கடையில் அதன் நிழல்கூட விழவில்லை. அந்தக் கணினியில் மெல்ட்டவுன் வன்பொருளிலேயே மூடப்பட்டிருப்பதால் புத்தகத்தை உள்ளறைக்குக் கொண்டுபோகும் வேலையும் இல்லை.

தங்கையின் கணினி

தட்டச்சு செய்யும் தங்கை அதுவரை ஒன்றும் சொல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார். போகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, என்னுடையதில் விரல் முந்துகிறது, எழுத்து பிந்துகிறது. அதுவும் டிஸ்க்தானா?"

இல்லை. அவருடையதுதான் இந்தக் கடையில் பாதுகாப்புத் திருத்தத்தால் கண்ணுக்குத் தெரிய அடிபட்ட கணினி. விண்டோஸ் 7இல் எழுத்துருவை வரைகிற வேலை முழுவதும் கேர்னலுக்குள்ளே நடக்கிறது. மையர்சன் விண்டோஸ் 7 அதிகம் பாதிக்கப்படுவதற்குக் காரணமாகச் சொன்ன உதாரணமே இதுதான். நாள் முழுக்கப் பாமினியில் பக்கம் பக்கமாக அடிக்கிறவருக்கு, ஒவ்வொரு பக்கமும் திரையில் விழ எத்தனை முறை உள்ளறைக்குப் போய்வர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு கோர் 2 டுவோவில் துண்டுச் சீட்டு வசதியே கிடையாது. இந்தப் புரொசசர் குடும்பத்துக்கு ஸ்பெக்டர் மைக்ரோகோட் கொடுக்கப்போவதில்லை என்று 2018 ஏப்ரலில் இன்டெல் கைவிரித்துவிட்டது. விண்டோஸ் 7க்கான ஆதரவும் 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது.

அவருடைய 40 பக்க வினாத்தாளைத் திறந்து, பக்கம் இறக்கும் விசையை அமுக்கிப் பிடித்துக் கடைசிவரை போனோம். பாதுகாப்போடு 25 விநாடி. அணைத்தபின் 21. தங்கை ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட்டு, "இப்போது கையோடு வருகிறது" என்றார். எண்ணைவிட அந்தச் சொல்லை நான் நம்புகிறேன்.

செய்தது

வாசல் கணினியில் பாதுகாப்பை மறுபடி போட்டேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பையனின் மென்பொருள் எழுதிவைத்த இரண்டு மதிப்புகளையும் அவன் கையாலேயே நீக்கவைத்தேன். எஸ்.எஸ்.டி.யை அங்கேயே விட்டேன், ரேமை 8 ஜிபி ஆக்கினேன், யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொன்னேன். எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துப் போட்டோ கொப்பிக் காசு என்று அக்கா கணக்குப் போட்டார்.

"ஆறு விநாடிதானே குறைகிறது, அதையும் ஏன் விட வேண்டும்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. 2021 மார்ச்சில் கூகுள் பொறியாளர்கள், ஒரு வலைப்பக்கத்தைத் திறந்துவைத்தாலே போதும், ஸ்பெக்டர் வழியாக உலாவியின் நினைவகத்தை விநாடிக்கு 1 கிலோபைட் அளவில் படிக்கலாம் என்று செய்து காட்டினார்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். நம் புதிய அடையாள அட்டை இலக்கம் 12 எழுத்து. விநாடிக்கு எண்பது பேருடைய இலக்கம் அதில் போய்விடும். முன்பின் தெரியாத தளங்களைத் திறந்துகொண்டே, ஊராருடைய கடவுச்சொல்லையும் அதே கணினியில் அடிக்கிற ஒரு கடைக்கு இந்த அரண்களில் எதையும் இறக்க உரிமை இல்லை. தன் வீட்டில் தான் மட்டும் விளையாடுகிற கணினியில் ஒருவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு. இங்கே ஆபத்தைச் சுமப்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று இலக்கம் சொல்லும் தாய். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் அங்கே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் நிருவாகிக் கணக்கிலேயே வேலை செய்தார்கள். அப்படி இருக்கும்போது பென் டிரைவில் வருகிற சாதாரண வைரஸுக்கு மெல்ட்டவுன் எல்லாம் எதற்கு? கதவே திறந்து கிடக்கிறதே. அன்றாட வேலைக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்கினேன். நிருவாகிக் கடவுச்சொல்லை அக்கா ஒரு துண்டில் எழுதி, கல்லாவில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

தங்கையின் கணினியில் நேரெதிராகச் செய்தேன். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, பாதுகாப்பை அணைத்தே விட்டேன். அதில் இனி தட்டச்சும் அச்சும் மட்டும். யாருடைய கடவுச்சொல்லும் அதில் விழாது, வெளியாருடைய பென் டிரைவும் அதில் ஏறாது, வாசல் கணினியில் சோதித்த பிறகு அக்காவின் சொந்த டிரைவில்தான் கோப்பு உள்ளே போகும். ஆதரவு முடிந்த விண்டோஸை வலையோடு விட்டுவைத்து, ஒற்றைத் திருத்தத்தை மட்டும் கட்டிக்காப்பதில் பயனில்லை என்பது என் தீர்மானம். இதே துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. எந்தக் கணினியிலும் அணைக்கக் கூடாது என்கிறார். வயரை யாராவது மறுபடி சொருகினால் அவர் சொல்வதுதான் சரியாகும். அதனால் அந்தத் துளையில் ஒட்டுத்தாள் ஒட்டி, "சொருக வேண்டாம்" என்று தங்கை பாமினியில் அச்சடித்ததை மேலே ஒட்டியிருக்கிறோம்.

அதன் பிறகு

மூன்று மாதம் கழித்துப் போனபோது வாசல் கணினி அப்டேட்டுகளை ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்தது. இரவில் கடை அடைக்கும்போது "அப்டேட் செய்து அணை" என்பதை அழுத்திவிட்டுப் போவதை அக்கா பழக்கமாக்கியிருந்தார். காலையில் கதவுப் பலகையைக் கழற்றி, விளக்கேற்றிக் கும்பிட்டு முடிப்பதற்குள் திரை தயாராக இருக்கிறதாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்பதில்லை. ஆகவே ஐ3-3220க்கு அந்தப் பாதை அடைபட்டது. அதே எஸ்.எஸ்.டி.யில் ஒரு பகுதியை ஒதுக்கி லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். அங்கே ஒரு கோப்புறையில் ஒவ்வோர் ஓட்டையின் பெயரிலும் ஒரு சிறு கோப்பு இருக்கும். மெல்ட்டவுன் என்ற கோப்பைத் திறந்து, தடுப்பு போட்டிருக்கிறது என்ற ஒற்றை வரியைப் பையனே படித்துக் காட்டினான். குரோம் ஓடுகிறது, அச்சு வருகிறது. ஸ்கானர் மட்டும் இன்னும் பேசவில்லை. அது சரியாகும்வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அடுத்த போயா விடுமுறைக்கு மறுபடி போக வேண்டும்.